வானிலிருந்து லேசர் வழி டவுன்லோட்: ஒரு பிட் கூடத் தவறாமல் வருவது எப்படி?

புயல் நெருங்கும் நாட்களில் நாம் எல்லாரும் கம்ப்யூட்டரில் சாட்டலைட் படங்களைப் பார்க்கிறோம். மேப் தளத்தைத் திறந்து நம் தெருவையும் வீட்டு மொட்டை மாடியையும் தேடுகிறோம். இந்தப் படங்கள் எல்லாம் வானத்திலிருந்து தரைக்கு எப்படி இறங்கி வருகின்றன என்று என்றாவது யோசித்ததுண்டா?

பெரும்பாலும் ரேடியோ அலைகள் வழியாகத்தான் வருகின்றன. அண்மைக் காலத்தில் இதற்கு லேசர் ஒளியும் பயன்படத் தொடங்கியுள்ளது. லேசர் என்றால் நமக்குப் புதிதல்ல. சிடி டிரைவின் உள்ளே இருப்பது லேசர். ஆபீஸில் உள்ள லேசர் பிரிண்டரிலும் லேசர். வீட்டிற்கு வரும் பைபர் இன்டர்நெட் கேபிளில் ஓடுவதும் லேசர் ஒளிதான். அதே ஒளியைக் கண்ணாடி இழை இல்லாமல் வெட்டவெளியில், பல நூறு கிலோமீட்டர் தூரம் அனுப்பினால் என்ன ஆகும்? தகவல் ஒழுங்காக வந்து சேருமா? வழியில் காற்றும் மேகமும் இருக்கின்றனவே?

இந்தப் பாடத்தில் அதைத்தான் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்களுக்கும் புரியும்படி எழுதியுள்ளேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

இவ்வளவு அவசரம் எதற்கு?

பூமியைப் படம் எடுக்கும் சாட்டலைட்டுகள் பல, சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இதில் தரையில் உள்ள ஒரு குறிப்பிட்ட நிலையத்தின் தலைக்கு மேல் அது இருப்பது சில நிமிடங்கள் மட்டுமே. பஸ் ஸ்டாப்பில் நிற்காமல் மெதுவாக நகர்ந்தபடியே போகும் பஸ் போல. இறங்க வேண்டியவர்கள் அந்தச் சில விநாடிகளில் இறங்கிவிட வேண்டும். தவறினால் அடுத்த ஸ்டாப் வரை காத்திருக்க வேண்டும்.

படங்களோ நாளுக்கு நாள் பெரிதாகிக் கொண்டே போகின்றன. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய, அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பான நிசார் ரேடார் சாட்டலைட்டை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் தகவல்கள் தரையில் பதப்படுத்தப்பட்ட பின் நாளொன்றுக்குச் சராசரியாக 80 டெராபைட்டுக்கும் மேல் வரும் எனத் திட்டமிடப்பட்டது. இது ரேடியோ வழியாகவே தகவல் அனுப்பும் சாட்டலைட். இப்படிப்பட்டவை பெருகப் பெருக, ரேடியோ பாதையில் நெரிசல் கூடும்.

பாதை போதவில்லை என்றால் என்ன நடக்கும்? சாட்டலைட்டின் மெமரி நிரம்பிவிடும். கேமராவைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். அல்லது படத்தின் தரத்தைக் குறைத்துச் சுருக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய ஊரின் படம் எடுக்கப்பட்டும் மெமரியிலேயே கிடந்தால் மீட்புப் படகு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. படம் எடுப்பது பாதி வேலைதான். உரிய நேரத்தில், பிழையில்லாமல் இறக்குவது மறு பாதி.

முதலில் பிட்டும் பைட்டும்

மேலே போகும் முன் ஒரு சிறு கணக்கு. இன்டர்நெட் கனெக்ஷன் எடுக்கும்போது விநாடிக்கு 100 மெகாபிட் என்று விளம்பரத்தில் இருக்கும். டவுன்லோட் செய்யும்போது விநாடிக்கு 12 மெகாபைட் என்றுதான் திரையில் வரும். நம்மை ஏமாற்றிவிட்டார்களோ என்று பலருக்குச் சந்தேகம் வருவதுண்டு. ஏமாற்று இல்லை. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. பாதையின் வேகத்தைப் பிட்டிலும், பைலின் அளவைப் பைட்டிலும் சொல்வது வழக்கம். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஆயிரம் மெகா ஒரு கிகா. ஆயிரம் கிகா ஒரு டெரா. இவை போதும்.

லேசர் வேகமாக ஓடுகிறதா?

இல்லை. பலரும் தவறாக நினைக்கும் இடம் இது. ரேடியோ அலையும் ஒளிதான். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. இரண்டும் வெட்டவெளியில் விநாடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கின்றன. லேசர் முன்னதாக வந்து சேர்வதில்லை. ஆனால் ஒரு விநாடியில் அதிகத் தகவலைச் சுமந்து வருகிறது.

அது எப்படி? அலை ஒன்று விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை அதிர்வெண் என்கிறோம். சாட்டலைட்டுகள் பயன்படுத்தும் உயர்ந்த ரேடியோ அலைவரிசைகளில் ஒன்று சுமார் 26 கிகாஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 2,600 கோடி அதிர்வுகள். தகவல் தொடர்பில் பயன்படும் அகச்சிவப்பு லேசரின் அதிர்வெண் சுமார் 1,93,000 கிகாஹெர்ட்ஸ். வகுத்துப் பாருங்கள். 7,000 மடங்குக்கும் மேல். அதிர்வெண் உயர உயர, தகவலை ஏற்றுவதற்கான இடமும் விரிகிறது. ஒற்றையடிப் பாதைக்கும் எட்டு வழிச் சாலைக்கும் உள்ள வித்தியாசம் இது. வண்டிகளின் வேகம் ஒன்றுதான். ஒரே நேரத்தில் எத்தனை வண்டிகள் போகலாம் என்பதில்தான் வேறுபாடு.

இன்னொரு வசதியும் உண்டு. ரேடியோ அலைவரிசைகளை நாடுகள் தமக்குள் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். ஒருவர் அலையில் மற்றவர் குறுக்கிட்டால் இருவருக்கும் நஷ்டம். லேசர் கற்றை மிகவும் ஒடுங்கியது என்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

ஒடுங்கிய கற்றை: நன்மையும் தொல்லையும்

டார்ச் லைட்டைச் சுவரில் அடித்துப் பாருங்கள். தள்ளிப் போகப் போக வெளிச்ச வட்டம் பெரிதாகி, மங்கிவிடும். எல்லாக் கற்றைகளும் இப்படித்தான் விரியும். எவ்வளவு விரியும் என்பதற்குத் தோராயமான கணக்கு எளிது. அலைநீளத்தை, அனுப்பும் கருவியின் அகலத்தால் வகுத்து, தூரத்தால் பெருக்குங்கள்.

நிலவிலிருந்து பூமி சுமார் 3,85,000 கிலோமீட்டர். நிலவருகே 10 சென்டிமீட்டர் அகல டெலஸ்கோப் வழியாக லேசரை அனுப்பினால், பூமிக்கு வரும்போது அதன் வட்டம் சுமார் 6 கிலோமீட்டர் இருக்கும். ஒரு சிறு ஊரின் அளவு. அதே இடத்திலிருந்து 75 சென்டிமீட்டர் டிஷ் கொண்டு 26 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை அனுப்பினால் வட்டம் சுமார் 5,900 கிலோமீட்டர். ஒரு கண்டத்தையே மூடிவிடும். எந்த ஆற்றலில் அதிகப் பங்கு நம் கருவிக்குள் விழும் என்று நீங்களே சொல்லலாம்.

இது வெறும் கணக்கு அல்ல. 2013 அக்டோபரில், நாசாவின் லாடி விண்கலம் நிலவைச் சுற்றியபடி வெறும் அரை வாட் லேசரைக் கொண்டு விநாடிக்கு 622 மெகாபிட் வேகத்தில் தகவல் அனுப்பியது. நம் வீட்டில் எரியும் சாதாரண எல்.இ.டி. பல்பு கூட 9 வாட் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நன்மை இருக்கும் இடத்தில் தொல்லையும் இருக்கும். கற்றை ஒடுங்கினால் குறி தப்பக் கூடாது. சாட்டலைட் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. 530 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒளி தரைக்கு வர 2 மில்லி விநாடி கூட ஆகாது. அந்த இமைப்பொழுதுக்குள் சாட்டலைட் சுமார் 13 மீட்டர் நகர்ந்திருக்கும்.

இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் தரையிலிருந்து ஒரு வழிகாட்டி லேசரைச் சாட்டலைட் பக்கம் அனுப்புவார்கள். கலங்கரை விளக்கம் போல. சாட்டலைட்டில் உள்ள சென்சார் அதனைப் பார்த்து, தான் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்து கொள்ளும். பிறகு தன் லேசரை அந்தத் திசையில் அனுப்பும். பாஸ் முடியும் வரை இந்தத் திருத்தம் நிற்காமல் நடந்து கொண்டே இருக்கும்.

டி-பேர்ட்: ஐந்து நிமிடத்தில் ஆயிரம் டிவிடி

நம் பாடத்திற்கு ஏற்ற உதாரணம் டி-பேர்ட் என்னும் கருவி. டெராபைட் இன்ப்ராரெட் டெலிவரி என்பது இதன் முழுப் பெயர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் லேபரட்டரி இதனை நாசாவுக்காக உருவாக்கியது. அளவில் ஒரு டிஷ்யூ பேப்பர் பெட்டி போன்றது. இதனைச் சுமந்து சென்ற சாட்டலைட்டும் சுமார் 12 கிலோ எடைதான். 2022 மே 25 அன்று, பல சிறு சாட்டலைட்டுகளோடு ஒன்றாக ராக்கெட்டில் ஏறி, 500 கிலோமீட்டருக்குச் சற்று மேலான உயரத்தைச் சென்றடைந்தது.

எனக்குப் பிடித்த விஷயம் இதன் உட்பாகங்கள். விண்வெளிக்கென்றே கோடிகள் செலவழித்துச் செய்த மோடம் இதில் இல்லை. தரையில் பைபர் கேபிள் நெட்வொர்க்குகளுக்காகத் தயாரிக்கப்பட்டு, கடையில் கிடைக்கும் விநாடிக்கு 100 கிகாபிட் மோடம்களையே வாங்கி, விண்வெளியின் வெப்பத்தையும் வெற்றிடத்தையும் தாங்குமாறு பொருத்தினார்கள். ஒன்றுக்கு 100 கிகாபிட் என்றால் இரண்டுக்கு 200 கிகாபிட். 2022இல் 100 கிகாபிட் வேகத்தையும், 2023இல் 200 கிகாபிட் வேகத்தையும் எட்டினார்கள். தரையில் இந்த ஒளியைப் பிடித்தது கலிபோர்னியாவின் டேபிள் மவுண்டன் மலையில் உள்ள 1 மீட்டர் டெலஸ்கோப்.

2023 ஜூனில் சுமார் ஐந்து நிமிடப் பாஸ் ஒன்றில் 4.8 டெராபைட் தகவலைப் பிழையின்றி இறக்கினார்கள். ஒரு சாதாரண டிவிடியில் 4.7 ஜி.பி. அடங்கும். ஆக, ஆயிரம் டிவிடிக்கும் மேல். இதனையே உங்கள் வீட்டு 100 மெகாபிட் கனெக்ஷனில் டவுன்லோட் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? 4.8 டெராபைட்டை 8ஆல் பெருக்கினால் 38.4 டெராபிட். அதனை 100 மெகாபிட்டால் வகுத்தால் 3,84,000 விநாடிகள். ஏறத்தாழ நான்கரை நாட்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 200 கிகாபிட் வீதம் 300 விநாடிகள் முழுமையாக ஓடியிருந்தால் 7.5 டெராபைட் வந்திருக்க வேண்டும். வந்தது 4.8. எந்தப் பாதையிலும் உச்ச வேகம் வேறு, கைக்குக் கிடைப்பது வேறு. சாட்டலைட்டைக் குறி பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். இடையில் ஒளி மங்கும். விட்டுப் போனதை மீண்டும் அனுப்ப வேண்டும். வீட்டு இன்டர்நெட்டிலும் இதே கதைதான்.

மேலே "பிழையின்றி" என்று எழுதினேன் அல்லவா? அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் முக்கியமான வேலை எல்லாம் இருக்கிறது.

காற்று செய்யும் குறும்பு

நட்சத்திரம் ஏன் கண் சிமிட்டுகிறது? நட்சத்திரம் சிமிட்டுவதில்லை. நடுவில் இருக்கும் காற்றுதான் சிமிட்ட வைக்கிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஓடும்போது ஒளி சற்றே வளைகிறது. வெயில் நேரத்தில் தார் ரோட்டின் மேல் காட்சிகள் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே இதுவும்.

லேசர் ஒளியும் இப்படி மினுக்கும். ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லி விநாடி மங்கினால் நம் கண்ணுக்குத் தெரியக் கூடத் தெரியாது. ஆனால் 200 கிகாபிட் வேகத்தில் அந்த 10 மில்லி விநாடியில் 2 கிகாபிட், அதாவது 250 மெகாபைட் காணாமல் போய்விடும். எத்தனை போட்டோக்கள் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

முதல் மருந்து கருவியில் இருக்கிறது. பெரிய டெலஸ்கோப் வைத்தால், ஒரு பக்கம் மங்கும்போது மறுபக்கம் பிரகாசமாக இருக்கும். சராசரியில் ஏற்ற இறக்கம் குறையும். வளையும் தன்மை கொண்ட கண்ணாடி ஒன்றையும் வைப்பார்கள். காற்று ஒளியை எப்படிக் கோணலாக்கியதோ அதற்கு நேர் எதிராக இந்தக் கண்ணாடி விநாடிக்குப் பல நூறு முறைக்கு மேல் தன் வடிவத்தை மாற்றி, ஒளியை மீண்டும் சீராக்கி மெல்லிய கண்ணாடி இழைக்குள் செலுத்தும். இவ்வளவு செய்தும் சில மங்கல்கள் மிஞ்சும். அங்கேதான் சாப்ட்வேர் வருகிறது.

நம்பகத்துக்கு மூன்று வழிகள்

நான் வேலையில் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் பைல் அனுப்பும் புரோகிராம்களை எழுதுபவன். அங்கே நாங்கள் பயன்படுத்தும் அதே மூன்று வழிகள்தான் விண்வெளியிலும்.

வழி 1: பிழை திருத்தும் குறியீடு. 7, 4, 9 என்ற மூன்று எண்களை நண்பருக்கு அனுப்ப வேண்டும். கூடவே அவற்றின் கூட்டுத்தொகை 20ஐயும் அனுப்புங்கள். வழியில் 4 அழிந்துவிட்டது. 7, ?, 9, 20 என்று கிடைக்கிறது. நண்பர் உங்களைக் கேட்காமலே 20லிருந்து 16ஐக் கழித்து 4ஐக் கண்டுபிடித்துவிடுவார். கொஞ்சம் கூடுதலாக அனுப்பினால், இழந்ததை மீட்கலாம். உண்மையான குறியீடுகள் இதைவிடப் பன்மடங்கு சாமர்த்தியமானவை. எந்த எண் தவறு என்று தெரியாதபோதும் கண்டுபிடித்துத் திருத்தும்.

2012இல் நாசா ஒரு வேடிக்கையான சோதனை செய்தது. மோனாலிசா ஓவியத்தின் படத்தைப் பூமியிலிருந்து லேசர் வழியாக, நிலவைச் சுற்றும் எல்.ஆர்.ஓ. விண்கலத்திற்கு அனுப்பினார்கள். வேகம் விநாடிக்குச் சுமார் 300 பிட் மட்டுமே. பழைய டயல்-அப் மோடம்களைவிட மெதுவு. காற்றின் குறும்பால் படத்தில் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. ரீட்-சாலமன் என்னும் குறியீட்டைக் கொண்டு அவற்றைச் சரிசெய்தார்கள். கீறல் விழுந்த ஆடியோ சிடி தடங்கலின்றிப் பாடுவதும் இதே குறியீட்டின் தயவால்தான்.

வழி 2: சரிபார்க்கும் எண். திருத்த முடியாத அளவுக்கு நிறையவே அழிந்துவிட்டால்? குறைந்தபட்சம் அழிந்துவிட்டது என்றாவது தெரிய வேண்டும். தகவலைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும், உள்ளே இருப்பதைக் கணக்கிட்டு எடுத்த ஒரு சரிபார்ப்பு எண்ணும் எழுதுவார்கள். தரையில் உள்ள கம்ப்யூட்டர் அதே கணக்கை மீண்டும் போடும். விடை ஒத்துப் போனால் பொட்டலம் நல்லது. இல்லையேல் தூக்கி எறியப்படும். பாதி சரியான பொட்டலத்தை வைத்துக் கொள்வதில்லை.

வழி 3: மீண்டும் அனுப்பு. "1 முதல் 500 வரை வந்தது; 312 மட்டும் வரவில்லை" என்று தரை நிலையம் மேலே தகவல் சொல்லும். சாட்டலைட் 312ஐ மட்டும் திரும்ப அனுப்பும். இதனைத் தானியங்கி மறு அனுப்புதல் என்கிறோம். டி-பேர்ட் பிழையில்லாமல் இறக்கியதற்கு இதுவே அடிப்படை. கீழிருந்து மேலே செல்லும் பாதை மிக மெதுவாக இருந்தாலும் போதும். சொல்ல வேண்டியது பொட்டலத்தின் எண் மட்டும்தானே!

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒளி கீழே வந்து, பதில் மேலே போக, சாட்டலைட் நேர் தலைக்கு மேல் இருந்தாலும் சுமார் மூன்றரை மில்லி விநாடி ஆகும். அதற்குள் 200 கிகாபிட் வேகத்தில் சுமார் 87 மெகாபைட் புறப்பட்டுப் போயிருக்கும். அவற்றில் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று சாட்டலைட்டுக்கு இன்னும் தெரியாது. ஆகவே பதில் வரும் வரை ஒன்றையும் மெமரியிலிருந்து அழிக்கக் கூடாது. அழித்துவிட்டால் திரும்ப அனுப்ப எதுவும் இருக்காது.

நம் கம்ப்யூட்டர் இணையத்தில் பயன்படுத்தும் டி.சி.பி. முறையும் விட்டுப் போனதை மீண்டும் அனுப்பும். அதையே இங்கும் வைத்துக் கொள்ளலாமே என்று கேட்கலாம். வழக்கமான டி.சி.பி. முறையில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அது பாதையில் நெரிசல் என்று நினைத்துக் கொள்ளும். வேகத்தைச் சட்டென்று குறைத்துவிட்டு, மெல்ல மெல்லத்தான் கூட்டும். லேசர் பாதையில் நெரிசலே இல்லை, காற்றின் மினுக்கல்தான். ஒவ்வொரு மினுக்கலுக்கும் வேகத்தைக் குறைத்தால், கிடைத்த ஐந்து நிமிடமும் வீணாகிவிடும். அதனால்தான் இத்தகைய பாதைக்குத் தனி முறை தேவைப்படுகிறது. மங்கல் நேரத்திலும் முழு வேகத்தில் அனுப்பிக் கொண்டே இருப்பது, விட்டுப் போனதை மட்டும் பிறகு நிரப்புவது என்பதே அதன் கொள்கை.

தூரம் கூடினால் வழி மாறும்

மூன்றாவது வழி அருகில் உள்ள சாட்டலைட்டுக்குப் பொருந்தும். தொலைதூரத்துக்கு? 2023 அக்டோபரில் ஏவப்பட்ட சைக்கி விண்கலத்தில் ஒரு லேசர் சோதனைக் கருவி இருந்தது. 2023 டிசம்பர் 11 அன்று, 3 கோடியே 10 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அது 15 விநாடி வீடியோ ஒன்றை அனுப்பியது. லேசர் புள்ளியைத் துரத்தும் டேட்டர்ஸ் என்னும் பூனைதான் அதன் கதாநாயகன். வேகம் விநாடிக்கு 267 மெகாபிட். ஒளி வந்து சேர 101 விநாடிகள் ஆயின. கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் உள்ள 200 அங்குல ஹேல் டெலஸ்கோப் அதனைப் பிடித்தது. அங்கிருந்து அந்த வீடியோவை நாசாவின் ஜே.பி.எல். ஆய்வுக்கூடத்திற்குச் சாதாரண இன்டர்நெட்டில் அனுப்பினார்கள். விண்வெளியிலிருந்து வந்த வேகத்தைவிட இந்த இன்டர்நெட் கனெக்ஷன் மெதுவாக இருந்ததாம்!

இங்கே "312 வரவில்லை" என்று சொல்லி, அது திரும்ப வர மூன்றரை நிமிடம் ஆகிவிடும். விண்கலம் இன்னும் விலகிப் போனால் மணிக்கணக்கில் கூட ஆகும். ஆகவே தொலைவில் முதல் வழியையே பெரிதும் நம்ப வேண்டும். கேட்காமலே திருத்திக் கொள்ளும் அளவுக்குக் கூடுதல் தகவலைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அருகில் இருந்தால் கேட்டு வாங்கலாம். தூரத்தில் இருந்தால் முன்கூட்டியே கட்டிக் கொடுத்துவிட வேண்டும்.

மேகம் வந்தால்?

எந்தக் குறியீடும் அடர்ந்த மேகத்தை வெல்ல முடியாது. ரேடியோ அலை மேகத்தை ஊடுருவும், லேசர் நின்றுவிடும். இதற்குத் தீர்வு வேறு இடத்தில் இன்னொரு நிலையம்.

2021 டிசம்பர் 7 அன்று நாசா ஏவிய எல்.சி.ஆர்.டி. என்னும் லேசர் அஞ்சல் நிலையம், சுமார் 35,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 1.2 கிகாபிட் வேகத்தில் தகவல் அனுப்பும்படி அமைக்கப்பட்டது. இதற்குக் கலிபோர்னியாவின் டேபிள் மவுண்டனிலும், ஹவாய் மாநிலத்தின் ஹாலியாகலா மலையிலும் என இரண்டு தரை நிலையங்கள். இரண்டும் உயரமான மலைகள். நடுவே பெருங்கடல். ஓரிடத்தில் மழை பெய்தால் மற்ற இடத்திலும் அதே மேகம் இருக்காது.

கணக்குக்காக, ஓர் இடத்தில் 10 நாட்களில் 3 நாள் மேகம் என்று வைத்துக் கொள்வோம். இரண்டு இடங்களிலும் ஒன்றாக மேகம் சூழ 0.3 பெருக்கல் 0.3, அதாவது 100க்கு 9 வாய்ப்பு. மூன்றாவது நிலையம் சேர்த்தால் 100க்கு 3க்கும் குறைவு. முக்கியமான பைல்களை ஒரே பென் டிரைவில் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் பேக்-அப் எடுத்து வைக்கச் சொல்கிறோமே, அதே அறிவுரைதான்.

ஐரோப்பியர்கள் வேறு வழி பிடித்தார்கள். 2016லும் 2019லும் ஏவப்பட்ட அவர்களுடைய இ.டி.ஆர்.எஸ். நிலையங்கள், தாழ்வாகச் சுற்றும் சாட்டலைட்டுகளிடமிருந்து லேசர் வழியாக விநாடிக்கு 1.8 கிகாபிட் வரை தகவலைப் பெறும். அங்கே காற்றும் இல்லை, மேகமும் இல்லை. அங்கிருந்து தரைக்கு இறங்கும்போது ரேடியோ.

நம் வீட்டுக்கு வருமா?

மொட்டை மாடியில் லேசர் டிஷ் வைக்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். சாட்டலைட் இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க்கை உதாரணமாகப் பார்க்கலாம். அதன் சாட்டலைட்டுகள் தமக்குள் லேசரில் பேசிக் கொள்கின்றன. வீட்டு டிஷ்ஷுக்கு வருவது ரேடியோதான். மேகம் சூழ்ந்தால் நின்றுவிடும் கனெக்ஷன் நம் வீட்டிற்கு உதவாது. விநாடிக்கு விநாடி குறி பார்க்கும் டெலஸ்கோப்பும் நமக்குக் கட்டுப்படியாகாது. டி-பேர்ட் கூடத் தன் வேலையை முடித்து 2024 செப்டம்பரில் வளிமண்டலத்தில் எரிந்துவிட்டது. அது காட்டிய வழி, பெரும் தகவலைத் திரட்டும் அறிவியல் சாட்டலைட்டுகளுக்கு உரியது. "லேசர் இன்டர்நெட்" என்ற பெயரைச் சொல்லி யாராவது வீட்டுக்கு விற்க வந்தால், தரைப் பகுதி ரேடியோவா, பைபரா என்று முதலில் கேளுங்கள்.

செய்து பாருங்கள்

இரண்டாவது வழியை உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம். செவன்-ஸிப் என்னும் இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள்.

1. நோட்பேடைத் திறந்து, உங்கள் பெயரை டைப் செய்து, பைலை டெஸ்க்டாப்பில் சேவ் செய்யுங்கள்.

2. அந்தப் பைல் மீது ரைட் கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் 11இல் தேவையானால் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். அங்கே "சி.ஆர்.சி. எஸ்.எச்.ஏ." என்ற பிரிவில் "எஸ்.எச்.ஏ.-256" என்பதனைக் கிளிக் செய்யவும். எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரி ஒன்று கிடைக்கும். அதன் முதல் ஆறு இடங்களைத் தாளில் குறித்துக் கொள்ளுங்கள்.

3. இப்போது பைலைத் திறந்து, ஒரே ஒரு எழுத்தை மாற்றி, மீண்டும் சேவ் செய்யுங்கள். மறுபடியும் அதே கணக்கை எடுங்கள். ஓர் எழுத்துதான் மாறியது. ஆனால் வரி அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும்.

4. மாற்றிய எழுத்தைப் பழையபடி திருத்திச் சேவ் செய்து, மூன்றாம் முறை பாருங்கள். முதலில் குறித்த அதே எண் திரும்ப வரும்.

பெரிய சாப்ட்வேர்களை டவுன்லோட் செய்யும் தளங்களில், பைலின் பக்கத்திலேயே இப்படி ஒரு நீண்ட வரி தந்திருப்பார்கள். இனி அதனைப் புரியாத கிறுக்கல் என்று விட்டுவிடாதீர்கள். டவுன்லோட் முடிந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப் போனால் பைல் முழுமையாக வந்துள்ளது என்று பொருள். போகவில்லையா? இன்ஸ்டால் செய்யாமல், மீண்டும் டவுன்லோட் செய்யுங்கள்.

நினைவில் வைக்க வேண்டிய சொற்கள்

பாஸ்: சாட்டலைட் ஒரு தரை நிலையத்தின் பார்வையில் இருக்கும் சில நிமிடங்கள்.

வழிகாட்டி லேசர்: சாட்டலைட் சரியாகக் குறி பார்க்கத் தரையிலிருந்து அனுப்பும் ஒளி.

மங்கல்: காற்றின் அசைவால் ஒளி சில மில்லி விநாடிகள் குறைந்து போவது.

பிழை திருத்தும் குறியீடு: கூடுதல் தகவலைச் சேர்த்து அனுப்பி, அழிந்ததைக் கேட்காமலே மீட்கும் முறை.

சரிபார்ப்பு எண்: தகவல் மாறாமல் வந்துள்ளதா என்று அறிய உதவும் கணக்கு.

தானியங்கி மறு அனுப்புதல்: விட்டுப் போன பொட்டலத்தை மட்டும் கேட்டு வாங்கும் முறை.